மேஜர் சாப்பிடுவதற்கு முன்

என் அக்கா வீட்டுக்காரர் சாப்பிட உட்கார்ந்தால், யாராவது "சாப்பிடுங்க" என்று சொல்லும் வரை தட்டில் கை வைக்க மாட்டார். பசியில் உயிர் போனாலும் சரி, சோறு ஆறி அவலாய்ப் போனாலும் சரி. கல்யாணமான புதிதில் அக்கா அதை மரியாதை என்று நினைத்துப் பூரித்துப் போனாள். ஒரு வருஷத்தில் அலுத்துவிட்டது. "துரைக்கு உத்தரவு போட ஒரு ஆள் வேணுமாம்" என்று என்னிடம் நொடித்துக்கொள்வாள். ஒருநாள் சோதித்துப் பார்க்கலாமென்று, தட்டை வைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் துணி துவைக்கப் போய்விட்டாள். திரும்பி வந்து பார்த்தால், மனிதர் முக்கால் மணி நேரமாகத் தட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். இதைச் சொல்லிச் சொல்லி எங்கள் வீட்டில் வருஷக்கணக்காகச் சிரித்திருக்கிறோம். எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவன் நான்தான்.

அவரை நான் மாமா என்று கூப்பிடுவேன். சின்ன வயதிலேயே சர்க்கஸில் சேர்ந்தவர். வருஷத்தில் இரண்டு மாதம் வீட்டில் இருப்பார், மற்ற நாளெல்லாம் கூடாரத்தோடு ஊர் ஊராகப் போய்க்கொண்டிருப்பார். அங்கே என்ன வேலை என்று கேட்டால் "சிங்கத்துக்கிட்ட" என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. நாங்களும் தோண்டித் துருவவில்லை.

ஒருநாள் அந்தச் சர்க்கஸை மூடச் சொல்லி உத்தரவு வந்தது. அங்கிருந்த ஐந்து சிங்கங்களுக்கும் இடம் தேடிய அதிகாரிகள், கடைசியில் எங்கள் சரணாலயத்துக்கு அனுப்பினார்கள். நான் அங்கே இறைச்சி வண்டி ஓட்டுகிறவன். வண்டி ஓட்டாத நேரத்தில் இறைச்சியை வெட்டுகிறவன். சிங்கங்கள் வந்த லாரியிலேயே மாமாவும் வந்து இறங்கினார், கையில் ஒரு தகரப் பெட்டியோடு. ஐந்தும் இறங்க மாட்டேன் என்று அடம்பிடித்தன. மூன்று மணி நேரம் நாங்கள் எல்லோரும் கெஞ்சிக் கூத்தாடியும் ஒன்றும் நடக்கவில்லை. மாமா போய் ஒவ்வொன்றையும் பேர் சொல்லிக் கூப்பிட்டார், ஒவ்வொன்றாக இறங்கி வந்தன. மேனேஜர் அதைப் பார்த்துக்கொண்டே என் பக்கத்தில் வந்து நின்றார்.

"உங்க மாமாவா? டிரெய்னரா இவரு?" என்று கேட்டார். "கம்பு பிடிச்ச ஆளை நான் இந்த கேட்டுக்குள்ள விடறதில்ல. உனக்கே தெரியும்."

"ஐயோ சார், கூண்டு கழுவுற ஆளு சார் அவரு" என்றேன்.

மாமா இரண்டடி தள்ளி நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரிடம் நான் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவில்லை என்று சொன்னால் அது பாதிப் பொய். கேட்டால் என்ன பதில் வருமோ என்ற பயத்தில்தான் கேட்கவில்லை.

வேலை என்று வந்துவிட்டால் மாமாவை யாரும் குறை சொல்ல முடியாது. ஐந்து சிங்கத்துக்கும் வரிசையாக ஐந்து அறைகள். முன்பக்கம் கம்பி, மூன்று பக்கம் சுவர், பின்சுவரில் ஓர் இரும்புக் கதவு. அந்தக் கதவை நாங்கள் வெளியில் நின்றபடியே கம்பிவடத்தால் மேலே தூக்குவோம், சிங்கம் புல்வெளிக்குப் போகும். ஒவ்வோர் அறைக்கும் இரண்டு பூட்டு. மாமா பூட்டைப் பூட்டி, இழுத்துப் பார்த்து, நாலடி நடந்து, திரும்பி வந்து மறுபடி இழுத்துப் பார்ப்பார். ஒரே வாரத்தில் அவருக்கு 'இழுத்துப்பார்' என்று பேர் வைத்துவிட்டோம். சிங்கங்களைப் பார்க்கும் டாக்டரம்மாகூட "இழுத்துப்பார் எங்க?" என்றுதான் தேடுவார். கோபித்துக்கொள்ளாமல் வந்து நிற்பார்.

ஐந்தில் மூத்தவன் மேஜர். பதினாலு வயது. நகங்களைச் சர்க்கஸிலேயே பிடுங்கிவிட்டார்கள், கோரைப்பல் இரண்டையும் அறுத்துவிட்டார்கள். அதனால் அவனுக்கு மட்டும் இறைச்சியை நான் சின்னச் சின்னத் துண்டாக வெட்டித் தருவேன். சாயங்காலம் நாலு மணிக்குச் சாப்பாடு. மற்ற நாலுக்கும் யார் வேண்டுமானாலும் வைப்பார்கள். மேஜருக்கு மட்டும் மாமாதான். "ஆள் நின்னா அவன் கூச்சப்படுவான், நீங்க போங்க" என்று எங்களை விரட்டிவிட்டுத்தான் வாளியை எடுப்பார். சிங்கத்துக்கு என்ன கூச்சம் என்று நாங்கள் கிண்டலடிப்போம்.

மேஜருக்கு இடுப்பெலும்பு தேய்ந்திருந்தது. சர்க்கஸ் சிங்கம் எல்லாவற்றுக்கும் அது இருக்கும், ஓய்வும் மருந்தும் கொடுத்தால் தேறும் என்று டாக்டரம்மா சொன்னார். மற்றவை தேறின. மேஜர் தேறவில்லை. ஆறு மாதத்தில் பின்னங்கால்கள் இரண்டும் தள்ளாட ஆரம்பித்தன. மயக்க ஊசி போட்டுப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டரம்மா தலையில் கை வைத்துக்கொண்டார்.

"இவன் எங்கயோ ஏறுறான். இல்லன்னா எதையோ பிடிச்சு எந்திரிக்கிறான். சும்மா படுத்திருக்கிற சிங்கத்துக்கு இவ்வளவு மோசமாகாது."

புல்வெளியிலிருந்த மரமேடையைப் பிரித்துப் போட்டோம். கட்டையை அகற்றினோம். மண்மேட்டைச் சமப்படுத்தினோம். மாமாவும் மண்வெட்டி பிடித்தார்.

இன்னொன்றும் உண்டு. மேஜர் சாப்பிட்டு முடித்ததும் அவனைப் புல்வெளிக்கு அனுப்பிவிட்டு மாமா அறையைக் கழுவுவார். தரையைக் கழுவுவது சரி. சுவரையும் கழுவுவார், தன் தலைக்கு மேல் கை எட்டும் உயரம் வரை. கம்பியிலும் அந்த உயரத்துக்குத் துடைப்பார். "என்ன மாமா, சுவருக்குத் தினமும் தலைக்குக் குளிப்பாட்டா?" என்று கேட்டிருக்கிறேன். "சுத்தமா இருக்கட்டும் மாப்ள" என்பார். கண் இருந்தும் நான் பார்க்கவில்லை. அத்தனை உயரத்தில் அழுக்கு எப்படிப் போகும் என்று யோசிக்க எனக்கு மூளை வேண்டாமா?

மாமாவுக்குக் குடலிறக்கம் இருந்தது. ஆபரேஷன் பண்ணிக்கொள்ளச் சொல்லி அக்கா நச்சரித்துக்கொண்டே இருந்தாள். "நான் இல்லாட்டி மேஜர் சாப்பிட மாட்டான்" என்று தட்டிக் கழிப்பார். "ஆமா, உலகத்துலயே இவரு ஒருத்தர்தான் வாளி தூக்கத் தெரிஞ்சவரு" என்பாள் அக்கா. ஒரு செவ்வாய்க்கிழமை கம்பிவடத்தை இழுக்கும்போது அப்படியே மடங்கி உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் அன்றைக்கே கத்தி வைத்தார்கள், பத்து நாள் படுக்கையைவிட்டு நகரக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

மேஜர் சாப்பிடவில்லை.

முதல் நாள், ஆள் மாறியதால் இருக்கும் என்றோம். இரண்டாம் நாள் கோழி வைத்தோம். மூன்றாம் நாள் ஈரல். நாலாம் நாள் டாக்டரம்மாவே ரத்தம் தடவிய கையால் கம்பிக்கு வெளியே உட்கார்ந்து ஒரு மணி நேரம் கெஞ்சினார். மேஜர் இறைச்சியைப் பார்ப்பான், எங்களைப் பார்ப்பான், முகத்தைத் திருப்பிக்கொள்வான். வாயில் எச்சில் ஒழுகுகிறது. பசி இருக்கிறது, தொட மாட்டேன் என்கிறான். ரத்தப் பரிசோதனையில் சிறுநீரகமும் கெட ஆரம்பித்திருந்தது. ஏழாம் நாள் இன்னொரு டாக்டர் வந்து பார்த்தார். இருவரும் வராந்தாவில் மெதுவாகப் பேசிக்கொண்டார்கள். வியாழக்கிழமை காலைக்குள் சாப்பிடாவிட்டால், சித்திரவதைப்படுவதைவிட ஊசி போட்டுத் தூங்க வைத்துவிடலாம் என்று முடிவானது. அன்றைக்குச் செவ்வாய்.

மாமாவிடம் மூச்சுவிடக் கூடாது என்று அக்கா என்னிடம் சத்தியம் வாங்காத குறை. ஆனால் கட்டிலில் படுத்திருந்த மனிதர், நான் உள்ளே நுழைந்ததும் முகத்தைப் பார்த்தே கேட்டுவிட்டார்.

"மேஜர் சாப்பிடலையா?"

நான் மென்று முழுங்கிவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். வியாழக்கிழமையையும் சொன்னேன்.

"வாளியை வச்சுட்டு என்ன பண்றாங்க?"

"என்ன பண்ணுவாங்க? வச்சுட்டுத் தள்ளி வந்துடுறாங்க."

"கம்பியில தட்டலையா?"

சொன்னவுடனே வாயை மூடிக்கொண்டார். எனக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் புரியவில்லை. பிறகு அந்தக் கழுவிய சுவர் கண்முன் வந்தது.

"எதுக்கு மாமா தட்டணும்?"

அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். சர்க்கஸில் மேஜரைக் குட்டியிலிருந்து பழக்கியது அவர்தான். கம்பியில் கம்பால் இரண்டு முறை தட்டினால், பின்னங்காலில் எழுந்து நிற்க வேண்டும். நின்ற பிறகு "எடுத்துக்கோ" என்று சொன்னால்தான் இறைச்சியைத் தொடலாம். அதற்கு முன்னால் தொட்டால் அடி. ஒரு வருஷம் அடித்தார். அதற்குப் பிறகு அடிக்க வேண்டிய தேவையே வரவில்லை.

"இங்க வந்த புதுசுல மூணு நாள் அவன் வாயே வைக்கல மாப்ள. இன்னிக்கு ஒரு நாள் மட்டும்னு தட்டினேன். நாளைக்கு நிறுத்திடலாம், நாளைக்கு நிறுத்திடலாம்னு தினமும்தான் நினைச்சேன்."

எனக்குத் தலைக்கேறிவிட்டது. "அவன் இடுப்பு உடைஞ்சுக்கிட்டு இருக்கு, நீங்க தினமும் எழுப்பி நிறுத்துறீங்க! டாக்டரம்மா முட்டாள் மாதிரி மரமேடையைப் பிரிச்சாங்க, நீங்களும் கூட நின்னு மண்ணு வெட்டுறீங்க! வாயில என்ன கொழுக்கட்டையா?"

"சொன்னா அனுப்பிடுவாங்க. அப்ப அவன் செத்துடுவான்" என்றார். போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டு, "அது மட்டுமில்ல. இத்தனை வயசுல என் சொல்லைக் கேக்கிற ஒரே ஜீவன் அவன்தான். அது எனக்குப் பிடிச்சிருந்துச்சு" என்றார்.

திட்டுவதற்கு இன்னும் நிறைய வைத்திருந்தேன். அதற்குள் அவரே சொன்னார்: "பழக்கினதுல பெரிய வித்தை ஒண்ணுமில்ல மாப்ள. எங்களுக்கும் அங்க அப்படித்தான். முதலாளி 'ம்'னு சொல்லாம ஒருத்தனும் தட்டுல கை வைக்கக் கூடாது. எனக்கு எப்படிச் செஞ்சாங்களோ அப்படியே அவனுக்கும் செஞ்சேன்."

துணி துவைக்கப் போன அக்காவும், முக்கால் மணி நேரம் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்த மனிதரும், விழுந்து விழுந்து சிரித்த நானும் ஞாபகத்துக்கு வந்தோம். எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டேன்.

"நீ போய்த் தட்டு" என்றார் பின்னாலிருந்து. "யாருக்கும் தெரிய வேண்டாம்."

போனேன். அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். புதன்கிழமை நாலு மணிக்கு, மற்றவர்களை ஏதோ சாக்குச் சொல்லி அனுப்பிவிட்டு, மண்வெட்டிக் காம்பால் கம்பியில் இரண்டு முறை தட்டினேன். மேஜர் காதை விடைத்தான். முன்னங்காலைக் கம்பியில் வைத்து, வைத்து, வழுக்கி, மறுபடி வைத்து, எழுந்தான். எட்டு நாள் சாப்பிடாத உடம்பு. பின்னங்கால் இரண்டும் வெடவெடவென்று நடுங்கின. என் தலைக்கு மேலே அவன் தலை. என்னைப் பார்க்கவில்லை, என் முதுகுக்குப் பின்னால் யாரையோ தேடினான். "எடுத்துக்கோ" என்றேன். இன்னொரு முறை சொன்னேன். கத்திச் சொன்னேன். அவன் நின்றுகொண்டே இருந்தான். கடைசியில் இடுப்பு மடங்கித் தொப்பென்று விழுந்தான். விழுந்த பிறகும் இறைச்சியைத் தொடவில்லை. காம்பைத் தூக்கி எறிந்துவிட்டு இறைச்சி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். கொஞ்ச நேரத்தில் அழுகை நின்று கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை, முதலில் என் மேல்தான் என்று நினைக்கிறேன்.

வியாழக்கிழமை விடிந்ததும் இறைச்சி வண்டியை ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுபோய் நிறுத்தினேன். அக்கா தடுத்துப் பார்த்தாள். "தையல் பிரிஞ்சா நீயா தைப்ப?" என்று என் சட்டையைப் பிடித்தாள். பிறகு அவளே மாமாவின் வயிற்றில் தலையணையை வைத்துத் துண்டால் கட்டி, வண்டியில் ஏற்றி, வழி முழுக்க எங்கள் இருவரையும் வறுத்தெடுத்துக்கொண்டே வந்தாள்.

டாக்டரம்மா ஊசி மருந்துப் பெட்டியோடு அறை வாசலில் நின்றிருந்தார். மேனேஜர் பக்கத்தில் இருந்தார். மாமா என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தார். அவர் ஒன்றும் பேசவில்லை, கம்பியைத் தட்டவில்லை, கையில் ஒரு குச்சிகூடக் கிடையாது. கம்பிக்கு முன்னால் போய் நின்றார், அவ்வளவுதான்.

மேஜர் அவரைப் பார்த்தான். பார்த்ததும் எழ ஆரம்பித்தான்.

"வேண்டாம்டா! வேண்டாம், படுடா!" என்று மாமா கத்தினார். அந்த வார்த்தையை அவனுக்கு யாரும் கற்றுத் தரவில்லையே. சுவரில் ஒரு கை, கம்பியில் ஒரு கை வைத்து முழு உயரத்துக்கும் எழுந்து நின்றான். மாமா அவசர அவசரமாக "எடுத்துக்கோ! எடுத்துக்கோ மேஜர்!" என்றார். மேஜர் இறங்கி, சரிந்து விழுந்து, தரையில் கிடந்த இறைச்சியை மூச்சுவிடாமல் தின்ன ஆரம்பித்தான்.

டாக்டரம்மா பெட்டியைக் கீழே வைத்தார். சுவரில் புதிதாகப் பதிந்திருந்த அழுக்குக் கால்தடத்தைப் பார்த்தார். பிறகு மாமாவைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு மாமா நின்ற இடத்திலேயே கூனிக் குறுகிப் போனார்.

"ஏழு மாசமா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"ஆமாம்மா."

மேனேஜர் குதித்தார். மாமாவை அன்றைக்கே வெளியேற்றச் சொன்னார், என்னையும் சேர்த்துத்தான். நான் சொன்ன பொய்க்கு எனக்கு வாய் திறக்க யோக்கியதை இல்லை. டாக்டரம்மாதான் கையைக் காட்டி அவரை நிறுத்தினார். கோபம் குறைந்து அல்ல, அவருக்குச் சிங்கம் பிழைக்க வேண்டும்.

"அந்த வார்த்தை எனக்கு வேணும்" என்றார் மாமாவிடம். "ஆனா நீங்க அவன் கண்ணுல படவே கூடாது. உங்களைப் பார்த்தாலே எந்திரிக்கிறான். இன்னும் ஒரு மாசம் எந்திரிச்சா அப்புறம் நடக்கவே மாட்டான். புரியுதா? ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல, இனிமே எப்பவுமே."

மாமா தலையாட்டினார். கம்பிப் பக்கம் திரும்பிப் பார்க்கப் போனவர், பாதியில் நிறுத்திக்கொண்டார்.

என் போனில் அவர் குரலைப் பதிவு செய்தோம். முதல் தடவை மேடையில் பேசுகிறவர் மாதிரி விறைப்பாகச் சொன்னார். "வீட்டுல பேசுற மாதிரி சொல்லுங்க" என்று அக்கா அதட்டினாள். ஐந்தாவது தடவைதான் சரியாக வந்தது. அன்றிலிருந்து நாலு மணிக்கு நான் வாளியை வைத்துவிட்டு, போனில் சத்தத்தைக் கூட்டிக் கம்பிக்கு வெளியே வைத்து அழுத்துவேன். "எடுத்துக்கோ மேஜர்." முதல் நாள் பாதி எழுந்து, மாமாவைத் தேடி, காணாமல் உட்கார்ந்தான். பிறகு தின்றான். ஒரு வாரத்தில் எழுவதை விட்டான், தலையை மட்டும் தூக்குவான்.

தையல் ஆறியதும் மாமாவை இறைச்சி அறையில் என்னோடு போட்டார்கள். ஒருநாள் மேஜரின் பங்கை அவர் வெட்டினார். அதை வைத்ததும் மேஜர் மோந்து பார்த்தான், விருட்டென்று எழப் பார்த்தான். அவர் கை வாசனை. நான் திரும்பி வந்து சொன்னபோது மாமா கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினார், கழுவிக்கொண்டே இருந்தார். அதற்குப் பிறகு நாலு சிங்கத்துக்கு அவர் வெட்டுவார், மேஜருடையதை நான் தனிப் பலகையில் வெட்டுவேன். அந்தப் பலகையை அவர் தொட மாட்டார். நாலு மணிக்கு அடுத்த கட்டடத்திலிருந்து தன் குரலே கேட்கும்போது மட்டும் கத்தியை நிறுத்திவிட்டுக் கேட்பார்.

நாற்பத்தோராம் நாள். வாளியை வைத்துவிட்டுப் போனை எடுக்கப் பைக்குள் கை விட்டேன். எடுத்து நிமிர்வதற்குள் மேஜர் படுத்தபடியே ஒரு துண்டை இழுத்து மென்றுகொண்டிருந்தான். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அவனாகவே தின்றான். போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு, வாளி காலியாகும் வரை அங்கேயே நின்றேன்.

இறைச்சி அறைக்கு ஓடினேன். மாமா அன்றைக்கு வேலை அதிகமென்று மதியம் சாப்பிடவில்லை. அப்போதுதான் கை கழுவிவிட்டு டிபன் பாக்ஸைத் திறந்து வைத்து உட்கார்ந்திருந்தார்.

"குரல் கேக்கலையே" என்றார்.

"போடல மாமா. போடறதுக்கு முன்னாடியே தின்னுட்டான்."

"படுத்துக்கிட்டா?"

"படுத்துக்கிட்டேதான். காலை நீட்டி, சுகமா."

"நல்லது" என்றார். "இனிமே போட வேணாம். அழிச்சிடு." கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டார். "நல்லது மாப்ள. ரொம்ப நல்லது."

அழித்தேன். அவர் சோற்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் கத்தியைத் தீட்டி வைத்தேன், தரையைக் கழுவிவிட்டேன், மறுநாளுக்கு வாளிகளை அடுக்கினேன். திரும்பிப் பார்த்தேன். கைகள் இரண்டும் மடியில் இருந்தன.

"சாப்பிடுங்க மாமா" என்றேன். அவர் சாப்பிட ஆரம்பித்தார்.